வாரண்டி முடியும் முன் சர்வரைச் சோதியுங்கள்

ராயபுரத்துச் சுங்கத் தரகர் அலுவலகமானாலும் திருவொற்றியூர் லேத் பட்டறையானாலும், பில்லும் ஜிஎஸ்டி கணக்கும் இன்று ஒரு சர்வருக்குள் அடங்கியிருக்கின்றன. அது நின்றுபோன பிறகே பலர் வாரண்டி சீட்டைத் தேடுகிறார்கள். வடசென்னையில் இந்தத் தாமதம் கூடுதல் ஆபத்தானது. கடலோர உப்புக்காற்றும், மணலி, எண்ணூர் ஆலைப் புகையிலுள்ள கந்தக வாயுக்களும் சர்க்யூட் போர்டின் செம்பையும் வெள்ளியையும் அரிப்பவை. சர்வர் கையேடுகள் பலவற்றில் இதற்கு வரம்பே உண்டு: மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200. அதைத் தாண்டிய அரிப்பைக் காட்டி, ‘இது தயாரிப்புக் குறை அல்ல’ என்று நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது. ஆகவே பழுதைத் தொடக்கத்திலேயே கண்டு பதிவு செய்வதே வாங்கியவருக்கு முதல் பாதுகாப்பு.

அதற்கான கருவி சர்வருக்குள்ளேயே இருக்கிறது. டெல் பவர்எட்ஜ் சர்வரை ஆன் செய்ததும் எஃப்10 அழுத்தினால் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் திறக்கும். அதிலுள்ள ஹார்டுவேர் டயக்னாஸ்டிக்ஸ் வசதி ரேம், ஹார்ட் டிஸ்க், ஃபேன் என ஒவ்வொன்றாகச் சோதிக்கும். கோளாறு இருந்தால் எரர் கோடும் வேலிடேஷன் கோடும் திரையில் வரும். அந்தத் திரையையும் சர்வீஸ் டேக்கையும் படமெடுத்து, அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்கிவிட வேண்டும். வாய்மொழிப் புகாரை நிறுவனம் மறுக்கலாம். தேதியிட்ட மின்னஞ்சலை மறுப்பது கடினம்.

வேலை நாளில் சர்வரை நிறுத்த முடியாது என்பார்கள். நியாயமே; ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுத்துவிட்டுச் சோதனையை ஓட்டலாம். ‘பாஸ்’ என்று வந்த டிஸ்க்கும் செத்துப்போகிறதே என்பது இதைவிட வலுவான கேள்வி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவுகளில் முன்னெச்சரிக்கை எதுவும் காட்டவில்லை. ஆனால் முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க், 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்றும் அதே ஆய்வு கண்டது. ‘பாஸ்’ வந்தாலும் பேக்கப்பை விடக்கூடாது; ‘ஃபெயில்’ வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது.

சான்றைக் காட்டியும் நிறுவனம் தட்டிக்கழித்தால் என்ன செய்வது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை அது நுகர்வோராகவே கருதுகிறது. அவர் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தமே துணை. சோதனை முடிவுடன் சர்வரை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அவை எழுதிவிட வேண்டும். உங்கள் சர்வரின் வாரண்டி என்றைக்கு முடிகிறது என்று இன்றே பாருங்கள். அதற்குள் ஒருமுறையாவது முழுச் சோதனை ஓட்டி, முடிவைப் பத்திரப்படுத்துங்கள்.