சான்றிதழுக்கு முன் கடன் தாளைப் படியுங்கள்

தொண்டு நிறுவனங்களில் சில ஆண்டுகள் களப்பணி பார்த்தவர்களுக்கு இப்போதெல்லாம் இப்படி ஓர் அழைப்பு வருகிறது: "மேடம், உங்க அனுபவத்துக்கு ஒரு சர்டிஃபிகேட்தான் குறை. திட்ட மதிப்பீட்டுல ஆறு மாசப் படிப்பு. சனி, ஞாயிறு மட்டும் ஆன்லைன் வகுப்பு. வட்டியில்லாத் தவணை. இந்த பேட்ச்ல மூணு சீட்தான் பாக்கி. இப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." படிப்பில் சேர்வதற்கான எண் என்று நம்பிச் சொல்லும் அந்த ஓடிபி, பல நேரம் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தத்தில் நாம் போடும் கையெழுத்து.

படிக்க வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு திட்டத்துக்குச் செலவான பணத்தால் மக்கள் வாழ்வில் என்ன மாறியது என்று அளந்து சொல்வது அவசியமான வேலை. நம் நாட்டில் 1952-லேயே இதற்கென ஒரு மத்திய அமைப்பு உருவானது. 2015-இல் அது நிதி ஆயோக்கின் கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலகத்தோடு ஒன்றானது. தமிழ்நாடு அரசிலும் மதிப்பீடு மற்றும் பயன்பாட்டு ஆராய்ச்சித் துறை என்று தனித் துறை உண்டு. ஆனால் இந்தப் படிப்புகளுக்குத் தனியார் சந்தையில் மவுசு கூடியதற்கு 2021 ஜனவரியில் வந்த கம்பெனிச் சட்ட விதித் திருத்தம் ஒரு முக்கியக் காரணம். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களின் தாக்கத்தை வெளி அமைப்பு ஒன்றைக் கொண்டு மதிப்பிட்டாக வேண்டும் என்றது அது. ஆள் தேவைப்பட்டது. ஆளைத் தயார் செய்கிறோம் என்று சொல்பவர்களும் பெருகினார்கள்.

நல்ல படிப்பு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு இல்லம் தேடிக் கல்வியைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்த கற்றலை மீட்க, தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மாலை வகுப்புத் திட்டம் அது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அத்தனையும் மாலை வகுப்பின் சாதனை என்று அறிக்கை எழுதியிருக்கலாம். ஆனால் பள்ளிகளும்தான் திறந்துவிட்டனவே! இரண்டையும் பிரித்துக் கணக்கிட்டபோது, மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் மாலை வகுப்பால் வந்தது என்று தெரிந்தது. எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கிற இந்தத் திறன்தான் துறையின் உயிர். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி எடுத்தல், திட்டத்துக்கு முன்னும் பின்னும் நிலையை அளக்கும் பேஸ்லைன், எண்ட்லைன் ஆய்வுகள், ஒப்பீட்டுக் குழு, கேள்வித்தாள் தயாரிப்பு, பதில் சொல்பவரிடம் முறையாகச் சம்மதம் பெறுதல் ஆகியவை இருக்கின்றனவா, களத்தில் செய்து பார்க்கும் பயிற்சி உண்டா என்று பாருங்கள். வண்ண வண்ண டாஷ்போர்டு செய்வது மட்டும் இருந்தால் அந்தப் படிப்பு வேண்டாம்.

இனி சட்ட நிலை. திட்ட மதிப்பீட்டாளராக வேலை பார்க்க இந்தியாவில் பொதுவாக உரிமம் எதுவும் தேவையில்லை. 'அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம்' என்று விளம்பரம் வந்தால், யாருடைய அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள். 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22-ஆவது பிரிவு, பட்டம் வழங்கும் உரிமையை முறைப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டுமே தருகிறது. வெறும் 'சான்றிதழ்' அந்தப் பிரிவுக்குள் வராது. தனியார் நிறுவனம் ஒன்று சான்றிதழ் கொடுப்பது குற்றமில்லை. அதற்குப் பட்டத்தின் மதிப்பும் இல்லை. ஆன்லைன் பட்டம் அல்லது முதுநிலைப் பட்டயம் என்று சொன்னால், அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்க வேண்டும். வேறொரு நிறுவனத்துக்குக் கிளை உரிமை கொடுத்து இப்படிப்பட்ட படிப்புகளை நடத்த யுஜிசி விதிகள் இடம் தரவில்லை. ரசீதையும் பாருங்கள். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட கல்வித் தகுதிக்கான படிப்பைக் கல்வி நிறுவனமே நடத்தினால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 18 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தால், நீங்கள் வாங்குவது அப்படிப்பட்ட தகுதி அல்ல என்பதற்கு அது வலுவான அறிகுறி.

பலர் மாட்டிக்கொள்வது கடனில்தான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியது. வட்டி படிப்பின் விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது விற்பவர் அதைத் தன் லாபத்திலிருந்து கட்டுவார். கடன் கொடுப்பவர் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைத் தந்தே ஆக வேண்டும். அதில் கடன் கொடுப்பவரின் பெயர், ஆண்டுக்கான மொத்தச் செலவு விகிதம், தவணைகள், அபராதம் எல்லாம் இருக்கும். அந்தத் தாளைப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். டிஜிட்டல் கடனில் மனம் மாறி வெளியேற ஒரு நாளாவது அவகாசம் உண்டு. அதற்குள், அசலையும் அதுவரையிலான விகிதாச்சாரச் செலவையும் கட்டினால் முன்கூட்டியே முடித்ததற்கு அபராதம் கிடையாது. ஆனால் கடன் தொகை உங்கள் கணக்குக்கு வராமல் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்கே போயிருக்கும். அதை அன்றைக்கே திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பு சரியில்லை என்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? பயிற்சி நிறுவனத்திடம் முழுப் பணமும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. நிதி நிறுவனமோ, 'நீங்கள் படித்தீர்களா இல்லையா என்பது எங்கள் விஷயம் இல்லை' என்று மாதாமாதம் தவணை எடுக்கும். இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். கோபத்தில் தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது எதிரில் வந்து நிற்கும். ஆகவே முதலில் இரு தரப்புக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: பயிற்சி நிறுவனத்திடம் ரத்தும் பணமும் கேட்டு, நிதி நிறுவனத்திடம் தகராறு இருப்பதைத் தெரிவித்து. அழைத்தவர் வாயால் கொடுத்த வாக்குறுதிகளை அதில் தேதியோடு எழுதுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், அழைப்புப் பதிவு எல்லாம் சான்று.

நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், தகவலுக்கு 14448. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. பயிற்சி நிறுவனத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். 'மூன்று சீட்தான்' என்று இணையதளத்தில் பொய் அவசரம் காட்டுவதை 2023-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் நியாயமற்ற உத்தி என்றே பட்டியலிட்டிருக்கின்றன.

நுகர்வோர் ஆணையத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தரும் கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆனால் பயிற்சி மையங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று அதே தீர்ப்பு சொன்னது. எனவே உங்களிடம் பணம் வாங்கியது பல்கலைக்கழகமா, தனியார் நிறுவனமா என்பதை ரசீதில் பாருங்கள். தனியார் என்றால் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகம் என்றால் முதலில் அதன் குறைதீர்க்கும் அமைப்பு, பிறகு யுஜிசி.

கடனுக்குப் பதிலாக, வேலை கொடுப்பவரே கட்டணம் கட்டி, 'இரண்டு ஆண்டு வேலையை விடக் கூடாது' என்று பாண்டு எழுதி வாங்குவதும் உண்டு. பாதியில் போனால் கேட்கும் தொகை நியாயமான இழப்பீட்டைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு.

கடன் வாங்குவதற்கு முன் இன்னொன்றும் செய்து பாருங்கள். திட்ட மதிப்பீட்டின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் ஜே-பால் அமைப்பின் பாடங்கள் இணையத்தில் இலவசமாக உண்டு. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஆய்வு முறையியல், புள்ளியியல் பாடங்களை இலவசமாகப் படித்து, சான்றிதழ் தேவைப்பட்டால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டலாம். முதல் நான்கு வாரம் உங்களால் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.