புயலைத் தீட்டிய தூரிகை

கடல் அமைதியாக இருக்கும்போது அதன் அழகைக் கண்டு மகிழ்கிறோம். அது பொங்கி எழுந்தாலோ அஞ்சி நடுங்குகிறோம். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு நாடு பிரிட்டன். அந்நாட்டு மக்கள் கடலால் வாழ்ந்தனர். அக்கடலுக்கே தம் உறவினர் பலரைப் பறிகொடுக்கவும் செய்தனர். ஆகவே அவர்களது ஓவியக் கலையில் கடலும் புயலும் தனியிடம் பெற்றதில் வியப்பில்லை.

17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டிலிருந்து லண்டனில் குடியேறிய வான் டி வெல்டே என்னும் தந்தையும் மகனும் இங்கிலாந்தில் கடல் ஓவியக் கலையை வேரூன்றச் செய்தனர். கப்பலின் பாய்களையும் கயிறுகளையும்கூடப் பிழையின்றித் தீட்டியவர்கள் அவர்கள். அவ்வழியில் வந்து, அதைக் கடந்து சென்றவர் டர்னர்.

டர்னர் 1775-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தார். நம்மைப்போல் பள்ளிப் பருவத்திலிருந்த 14-ஆம் வயதிலேயே ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1796-இல் அவர் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்த எண்ணெய் வண்ண ஓவியம், நிலவொளியில் அலைகளிடையே தத்தளிக்கும் மீனவர் படகைப் பற்றியது. வானத்தில் பெரிய நிலவு. படகில் சிறிய விளக்கு. இயற்கையின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை அப்படம் சொல்லாமல் சொல்கிறது.

வயது ஏற ஏற, டர்னரின் படங்களில் கப்பலின் உருவம் மங்கியது. காற்றும் நீரும் ஒளியும் சுழலத் தொடங்கின. 1842-இல் அவர் காட்சிக்கு வைத்த பனிப்புயல் படத்தில் நீராவிக் கப்பல் ஒன்று அலைச்சுழலின் நடுவே சிக்கித் தவிக்கிறது. அப்புயலை நேரில் காண்பதற்காக, தம்மைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லி நான்கு மணி நேரம் அதிலேயே இருந்ததாக அவர் கூறினாராம். இது உண்மையா என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். அன்றைய விமர்சகர் சிலரோ, "வெறும் சோப்பு நுரையும் சுண்ணாம்பும்" என்று அப்படத்தை எள்ளி நகையாடினர். ஆனால் அதன்முன் நிற்பவர் கரையிலிருந்து புயலைக் காண்பதில்லை, புயலுக்குள்ளேயே நிற்கிறார். இதுவே டர்னர் செய்த புதுமை.

அவரது படங்களுள் நம் நெஞ்சை உலுக்குவது 1840-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட 'அடிமைக் கப்பல்' ஆகும். குருதி போல் சிவந்த வானம். நெருங்கி வரும் சூறாவளி. தொலைவில் ஒரு கப்பல். முன்புறத்திலோ விலங்கு பூட்டிய கால் ஒன்று நீருக்கு மேலே தெரிகிறது! சுற்றிலும் மீன்கள் மொய்க்கின்றன.

இது வெறும் கற்பனையன்று. 1781-இல் 'ஸாங்' என்ற கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கடலில் எறியப்பட்டனர். நோயால் இறந்தவர்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காது. கப்பலைக் காக்கச் சரக்காகக் கடலில் எறிந்ததாகச் சொன்னால் பணம் கேட்கலாம்! 1783-இல் வழக்கு நீதிமன்றம் சென்றது. ஆனால் அது பணத்தைப் பற்றிய வழக்கே. கொலைக்குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1805-இல் டர்னரே, அடிமைகளின் உழைப்பால் நடந்த ஜமைக்காப் பண்ணை ஒன்றில் 100 பவுண்டு முதலீடு செய்திருந்தார். 35 ஆண்டுகளுக்குப் பின் அதே கை இப்படத்தைத் தீட்டியது. அவர் மனம் வருந்தினாரா என்பதை இறைவன் ஒருவனே அறிவான். ஆனால் அவருடைய ஓவியம் உண்மையை உலகின்முன் வைத்துவிட்டது.

தோழியரே! கடலில் எழும் புயல் ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை. அதைத் தடுக்கவும் நம்மால் இயலாது. மனித உள்ளத்தில் எழும் பேராசைப் புயலோ எளியோரைத் தேடிப் பிடித்து மூழ்கடிக்கிறது. கலிலேயாக் கடலில் காற்றையும் அலையையும் அடக்கிய ஆண்டவர், இப்புயலை அடக்க நம் ஒத்துழைப்பையும் கேட்கிறார். அநீதியைக் கண்டும் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாய் நாம் இராதிருப்போமாக!