பழுதுக் குறியீடு சாட்சிதான், தீர்ப்பு அல்ல

காரில் ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் ‘சி0035’ என்று ஒரு குறியீடு வருகிறது. முன்பக்க இடது சக்கரத்தின் வேக சென்சார் என்று அதற்கு விளக்கமும் கிடைக்கிறது. உடனே சென்சாரை மாற்றிவிடுவது பல ஒர்க்‌ஷாப்களின் வழக்கம். சில வண்டிகளில் அதோடு விளக்கு அணைந்துவிடும். வேறு சிலவற்றில் சில நாட்களில் மறுபடி எரியும், அப்போது ஏ.பி.எஸ். கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்பார்கள். இந்த வழக்கத்துக்கு அடியில் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் குறியீடு எங்கும் சொல்லவில்லை. அந்தச் சக்கரத்திலிருந்து வரவேண்டிய சிக்னல் சரியாக வந்து சேரவில்லை என்பது மட்டுமே அதன் வாக்குமூலம். சிக்னல் பிறக்கும் இடத்திலிருந்து அது போய்ச் சேரும் இடம்வரை உள்ள ஒவ்வொன்றையும் சந்தேகிக்க வேண்டும். எது குற்றவாளி என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இப்படி என்பது, இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். பிரேக் பிடிக்கும்போது டயர் சுழன்றபடியே 10 முதல் 20 சதவீதம் வரை வழுக்கினால், தார்ச் சாலையில் பிடிமானம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும். சக்கரம் முழுக்க இறுகி நின்றுவிட்டால் பிடிமானம் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. சக்கரம் அப்படி இறுகாமல் தடுப்பதுதான் ஏ.பி.எஸ். அமைப்பின் வேலை. 1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகைக் கார்களில் வந்தபோதே, எல்லாம் சக்கர வேகத்தை நம்பித்தான் நடந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாகிவிட்ட இன்றைய அமைப்புக்கும் அதுவே ஆதாரம். சக்கரத்தோடு சுழலும் ஒரு பல் வளையத்தில் 48 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 240 துடிப்புகள் கிளம்பும். அந்தத் துடிப்புகளின் இடைவெளியை வைத்துத்தான் கம்ப்யூட்டர் சக்கர வேகத்தை அறிகிறது. துடிப்பு தவறினால், சக்கரம் நின்றதா, சிக்னல்தான் பலவீனமானதா என்று அதனால் நேரில் பார்க்க முடியாது. மற்ற மூன்று சக்கரங்களோடு ஒப்பிட்டு ஊகிக்கத்தான் முடியும்.

பழைய வகை சென்சாரில் ஒரு காந்தமும் சுருளும்தான் இருக்கும். பற்கள் கடக்கும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கும். வேகம் குறையக் குறைய அந்த அழுத்தமும் குறையும். சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறினால், அது சென்சாரைச் சற்றே மேலே தள்ளிவிடும். பல்லுக்கும் சென்சாருக்கும் இடையே இருக்க வேண்டிய ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி அதிகமாகிவிடும். வேகமாக ஓடும்போது குறை தெரியாது. வண்டி நிற்கப்போகும் கடைசிச் சில மீட்டர்களில் மட்டும் அந்தச் சிக்னல் மற்றவற்றுக்கு முன்பே மறைந்துவிடும். அந்தச் சக்கரம் இறுகிவிட்டதாகக் கம்ப்யூட்டர் கணித்து, அதன் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தும். பெடல் அதிரும், வண்டி நினைத்த இடத்தைத் தாண்டிப் போகும். பெரும்பாலும் விளக்கு எரியாது, குறியீடும் பதிவாகாது. பல் வளையத்தில் விரிசல் விட்டு ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகன்றாலும் இதே கோளாறு வரலாம். குறியீட்டை மட்டுமே நம்புகிறவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படவே படாது.

புதிய வகை சென்சார் வேறு விதம். அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். பெரும்பாலும் 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என இரு நிலைகளுக்கிடையே மாறி மாறிச் சிக்னல் தரும். பழைய சென்சாரைப் போல இதன் மின்தடையை ஓம் கணக்கில் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. மேலும் பல கார்களில் பல் வளையத்துக்குப் பதிலாக, வீல் பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். பேரிங் மாற்றும்போது அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது. குறியீடோ சென்சாரைத்தான் காட்டும். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும், வளைந்து நிமிரும் வயரில் உறை முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தாலும், கனெக்டரில் நீர் புகுந்து பச்சை பூத்திருந்தாலும் அதே கதைதான்.

ஆகவே சோதனை ஒரு வரிசையில் நடக்க வேண்டும். முதலில் பேட்டரியின் மின்னழுத்தம். அது தாழ்ந்தாலே ஏ.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொள்ளும். பிறகு நான்கு டயர்களும் ஒரே அளவா, காற்று சரியா என்று பார்க்க வேண்டும். அடுத்து, நேரான சாலையில் மெதுவாக ஓட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் ஒருசேரக் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்தச் சக்கரத்துக்குப் போய், வயரை அசைத்தபடி மல்டிமீட்டரில் தொடர்பைச் சோதிக்கலாம். துரு, வளையம், பேரிங் ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பெரும்பாலும் சென்சார்தானே போகிறது என்று மெக்கானிக்குகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு அந்த அனுபவம் நல்ல வழிகாட்டி. முடிவுக்கு அது போதாது. புது சென்சார் போட்டதும் விளக்கு அணைந்ததே என்பதும் சான்றாகாது. கனெக்டரைக் கழற்றி மாட்டியதிலேயே விட்டுப்போன தொடர்பு தற்காலிகமாக ஒட்டியிருக்கலாம். சிறிய ஒர்க்‌ஷாப்களிடம் விலையுயர்ந்த கருவி இல்லை என்பதும் உண்மை. மலிவான பல ஸ்கேனர்கள் என்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஆனாலும் மேலே சொன்ன சோதனைகளில் பாதிக்கு மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். ஏ.பி.எஸ். இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கிறதே, விளக்கு எரிந்தால் எரியட்டும் என்பது இன்னொரு வாதம். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும் என்பது சரி. ஆனால் அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது முன்பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் வசதியும் போயிருக்கலாம்; அவசரத்தில் பின்சக்கரங்கள் முதலில் இறுகினால் வண்டி சுழன்றுவிடும். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

கார் உரிமையாளர் மின்னணுவியல் படிக்க வேண்டியதில்லை. பில்லில் கையெழுத்திடும் முன் ஒன்றைக் கேட்டால் போதும்: எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? சரியாக ஆராய்ந்த மெக்கானிக் ஒரு எண்ணையோ, துருவேறிய இடத்தையோ, அறுந்த வயரையோ காட்டுவார். குறியீட்டை மட்டும் காட்டுகிறார் என்றால் ஆராய்ச்சி இன்னும் தொடங்கவில்லை. பாகத்துக்கு மட்டுமே பணம் தந்து, ஆராயும் நேரத்துக்குத் தர மறுக்கும் நம் பழக்கமும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். அளந்து பார்க்கும் உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுக்கத் தொடங்கினால், தேவையில்லாத சென்சாருக்குச் செலவழிக்கும் பணமும் மிஞ்சும், பிரேக்கின் மீதான நம்பிக்கைக்கும் ஆதாரம் இருக்கும்.