பெரிய எழுத்து எங்கே?

தகவல் துளி. ஆங்கிலத்தில் ஊர், ஆள், மொழி, கிழமை, மாதம் இவற்றின் பெயர்கள் வாக்கியத்தில் எங்கு வந்தாலும் முதல் எழுத்து பெரியதுதான். கோடை, குளிர்காலம் என்னும் பருவங்களுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. இது கொஞ்சம் ஓரவஞ்சனைதான்!

குழப்பம் உறவுப் பெயர்களில். 'மை மதர்' என்று எழுதும்போது 'மதர்' பொதுப்பெயர். சிறிய எம் போதும். 'மை'யை விட்டுவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல 'மதர்' என்று அழைத்தால் பெரிய எம் வேண்டும். பதவிக்கும் இதே கணக்கு. ஏதோ ஒரு டாக்டர் என்றால் சிறிய டி, பெயரோடு ஒட்டி வரும் டாக்டருக்குப் பெரிய டி. 'ரிவர்' தனியே நின்றால் சிறிய ஆர். 'ரிவர் தேம்ஸ்' என்றால் இரண்டுக்குமே பெரிய எழுத்து.

முன்பு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இதில் தாராளமாக இருந்தார்கள். 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் பாருங்கள்: சாதாரணப் பெயர்ச்சொற்கள் பலவும் பெரிய எழுத்தில் நிற்கும். டேனிஷ் மொழி அந்தப் பழக்கத்தை 1948-இல் கைவிட்டது. ஜெர்மன் மொழி விடவில்லை. அங்கே மேசை, நாற்காலி, நாய், பூனை எல்லாவற்றுக்கும் இன்றும் பெரிய எழுத்துதான்.