வன்-ஓ-வன்னர்ஸ் (இசைக்குழு)

வன்-ஓ-வன்னர்ஸ், 1974 முதல் 1976 வரை லண்டனில் இயங்கிய பப் ராக் இசைக்குழு. பிற்காலத்தில் 'தி கிளாஷ்' குழுவின் பாடகராக உலகப் புகழ்பெற்ற ஜோ ஸ்ட்ரம்மர் பாடகராக உருவானது இக்குழுவில்தான். குழு இயங்கிய காலத்தில் ஓர் இசைத்தட்டுகூட வெளிவரவில்லை.

பிரிட்டனில் 'பப்' என்றால் மது விற்கும் இடம்தான். ஆனால் நம்மூர் டாஸ்மாக் கடையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் மாலையில் கூடிப் பேசும் பொது இடம் அது. 1970களின் தொடக்கத்தில் ராக் இசை பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டது. விலையுயர்ந்த கருவிகளும், முடிவில்லாமல் நீளும் கிதார் வாசிப்பும் பெருகின. இதற்கு மாற்றாகச் சிறிய மேடை, சின்னப் பாட்டு, ஆடத் தோதான தாளம் என்று பப்புகளில் எழுந்ததே பப் ராக். 1971இல் கென்டிஷ் டவுன் பகுதியின் 'டேலி ஹோ' பப்பில் 'எக்ஸ் ஓவர் ஈஸி' என்ற அமெரிக்கக் குழு வாசித்ததை இதன் தொடக்கமாகக் கொள்வர்.

குழுவின் பெயர் ஒரு வீட்டின் கதவு எண். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலில் வரும் சித்திரவதை அறையின் எண் 101 என்பதால், அதிலிருந்து பெயர் வந்ததாகச் சிலர் நினைத்தனர். அது தவறு. மேடா வேல் பகுதியில், 101 வால்டர்டன் சாலை என்ற பழைய வீட்டில் இந்த இளைஞர்கள் அனுமதியின்றிக் குடியேறி வாழ்ந்தனர். இதற்கு 'ஸ்குவாட்டிங்' என்று பெயர். நம்மூரில் புறம்போக்கில் குடிசை போடுவதோடு ஒப்பிடலாம். ஆனால் அங்கே வீடு தயாராக இருந்தது, குடியிருப்பவர்தான் இல்லை. அக்கால லண்டனில் இப்படிக் காலியாகக் கிடந்த வீடுகள் ஏராளம். மாதாமாதம் வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் இக்குழு தோன்றியே இருக்காது என்பது என் கருத்து.

1974 செப்டம்பர் 7 அன்று பிரிக்ஸ்டனில் உள்ள 'டெலிகிராப்' பப்பில் முதல் நிகழ்ச்சி நடந்தது. சிலியில் முந்தைய ஆண்டு நடந்த இராணுவப் புரட்சியால் பாதிக்கப்பட்டோருக்கு ஆதரவான நிகழ்ச்சி அது. சாக்ஸபோன் வாசித்த ஆல்வரோ பெனா-ரோஹாஸ் சிலி நாட்டவர். பிறகு லாட்புரோக் குரோவ் பகுதியின் 'எல்ஜின்' பப்பில் வாராவாரம் வாசித்துக் கைதேர்ந்தனர். கிளைவ் டிம்பர்லி (கிதார்), ரிச்சர்டு டுடான்ஸ்கி (டிரம்ஸ்), டான் கெல்லஹர் (பேஸ் கிதார்) ஆகியோர் முக்கிய உறுப்பினர்கள்.

ஸ்ட்ரம்மரின் இயற்பெயர் ஜான் கிரகாம் மெல்லர். 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தார். தந்தை ரொனால்டு மெல்லர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். அவர் பிறந்தது நம் லக்னோவில். 'ஸ்ட்ரம்மர்' என்றால் தந்திகளை மொத்தமாக வருடி வாசிப்பவர். ஒவ்வொரு தந்தியாக நுணுக்கமாக மீட்டத் தமக்கு வராது என்பதைக் கேலியாகச் சொல்லி, 1975இல் இப்பெயரை வைத்துக்கொண்டார். இடக்கைப் பழக்கமுள்ள அவர் வலக்கைக்காரர்போல கிதார் வாசிக்கப் பழகியதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

1976 ஏப்ரல் 3 அன்று 'நாஷ்வில் ரூம்ஸ்' அரங்கில் இக்குழு வாசித்தது. அவர்களுக்கு முன் மேடையேறிய துணைக்குழு 'செக்ஸ் பிஸ்டல்ஸ்'. பார்வையாளரைப் பற்றிக் கவலையே படாத அந்தப் பங்க் இசையைக் கேட்டதும், தம் குழுவின் காலம் முடிந்துவிட்டது என்று ஸ்ட்ரம்மருக்குப் பட்டது. சில வாரங்களில் மிக் ஜோன்ஸ், பால் சிமனன் ஆகியோருடன் சேர்ந்து 'தி கிளாஷ்' குழுவுக்குப் போனார். பாடகர் போனதும் குழு கலைந்தது. காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்களை வாங்கி அணியும் மாணவர்கள், நெஞ்சில் எழுதியிருக்கும் மேல்நாட்டு இசைக்குழுப் பெயர்களை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். 'கிளாஷ்' கிடைக்கக்கூடும், வன்-ஓ-வன்னர்ஸ் கிடைப்பது அரிது.

ஸ்ட்ரம்மரின் முடிவு சரியானதே என்று இசை வரலாறு சொல்கிறது. உடன் வாசித்தவர்களின் இரண்டு ஆண்டு உழைப்பு அதில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. டுடான்ஸ்கி 'பப்ளிக் இமேஜ் லிமிடெட்' குழுவிலும், டிம்பர்லி 'தி பேஷன்ஸ்' குழுவிலும் வாசித்தனர்.

'கீஸ் டு யுவர் ஹார்ட்' என்ற அவர்களின் பாடல், குழு கலைந்த பிறகே 1976இல் சிஸ்விக் நிறுவன இசைத்தட்டாக வந்தது. மற்ற பதிவுகள் 'எல்ஜின் அவென்யூ பிரேக்டவுன்' என்ற தொகுப்பாக 1981இல் வெளியாயின.