கணக்குப் பரீட்சை வருது! வயிறு கலங்குது!

"ஆல் பாஸ்" என்று அசந்துவிடாதீர்கள். 10 நாளில் தேறலாம்

சென்னை, ஏப்ரல்–

வெயில் ஒரு பக்கம் கொளுத்துகிறது. முழுப் பரீட்சை ஜுரம் இன்னொரு பக்கம் அடிக்கிறது.

ராயபுரம் சந்தாக இருக்கட்டும், சைதாப்பேட்டை ஒண்டுக்குடித்தனமாக இருக்கட்டும். ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த மாதம் ஒரே பேச்சுதான்.

"எல்லாம் படிச்சிட்டேம்மா... கணக்குதான் வரமாட்டேங்குது!"

இப்படிப் புலம்பும் பெண் யார் தெரியுமா? அம்மா விற்கும் இட்லி மாவுக்கு மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பவள்! 35 ரூபாய் வீதம் 3 பாக்கெட், 105 ரூபாய். 200 ரூபாய் நோட்டை நீட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் 95 ரூபாய் கைக்கு வந்துவிடும்.

அவளுக்கா கணக்கு வராது? வரும். பயம்தான் குறுக்கே நிற்கிறது.

பெயில் இல்லையே?

"எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானே, எதுக்கு மண்டைய உடைச்சுக்கணும்?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

உண்மைதான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 8–ம் வகுப்பு வரை யாரையும் பெயில் போடுவதில்லை. 5, 8–ம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று 2019–ம் ஆண்டு அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பு வாபஸ் ஆனது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதியை மாற்றியபோதும், இங்கே பழைய முறையே நீடிக்கும் என்று மாநில அரசு சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இந்தச் சலுகை கிடையாது. எட்டில் விட்ட பின்னம், ஒன்பதில் மெய்யெண்களாக வந்து நிற்கும். எட்டில் புரியாத இயற்கணிதம், ஒன்பதில் பல்லுறுப்புக் கோவையாக வந்து மிரட்டும்.

அங்கே தடுக்கி விழுந்தால், "படிச்சது போதும், வேலைக்குப் போ" என்ற பேச்சு வீட்டில் எழும். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், கல்யாணப் பேச்சே வந்துவிடும்! ஆகவே இந்தப் பரீட்சையை மார்க்குக்காக மட்டும் எழுதினால் போதாது.

எங்கே சறுக்குது?

பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது 3 இடங்களில்.

முதலாவது, பின்னம். 1/2–ஐயும் 1/3–ஐயும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டி 2/5 என்று எழுதிவிடுகிறார்கள். அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? 2/5 என்பது அரையைவிடக் குறைவு! சரியான விடை 5/6.

இரண்டாவது, வர்க்கம். 3–ஐயும் 4–ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49. தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 9+16, அதாவது 25. மீதி 24 எங்கே போயிற்று? 2×3×4=24. முற்றொருமையில் பிள்ளைகள் விட்டுவிடும் நடு உறுப்பு அதுதான்.

மூன்றாவது, சதவீதம். 100 ரூபாய் சட்டைக்கு 20 சதவீதம் விலை ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பழைய விலையே வரும் என்று நினைக்கிறார்கள். வராது! ஏற்றிய விலை 120. தள்ளுபடி அந்த 120–க்குத்தான். அது 24 ரூபாய். சட்டை விலை 96.

10 நாள் திட்டம்

"பார்த்தா புரியுது, போட்டா வரல" என்பது பிள்ளைகளின் வழக்கமான புகார். கணக்கைப் பார்த்துப் படித்தால் வராது. போட்டுத்தான் பழக வேண்டும்.

முதல் 3 நாள், புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகள். விடையைக் கையால் மூடிவிட்டுப் போட வேண்டும்.

அடுத்த 4 நாள், பயிற்சிக் கணக்குகள். தப்பாகப் போனதை ஒரு தனி நோட்டில் எழுதி, மறுநாள் மறுபடி போட வேண்டும்.

பிறகு 2 நாள், ஜாமெட்ரி பாக்ஸ் வேலை. சரிவகம், சாய்சதுரம் வரையும்போது உதவிப் படம் முதலில் வர வேண்டும். பென்சில் கூராக இருக்க வேண்டும்.

கடைசி நாள், கடிகாரத்தை எதிரே வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்று.

விடை வந்ததும் சரிபார்க்கணும். ஓர் எண்ணின் 3 மடங்கோடு 4–ஐக் கூட்டினால் 19, அந்த எண் என்ன? விடை 5. மூவைந்து பதினைந்து, நாலு சேர்த்தால் பத்தொன்பது. அரை நிமிஷ வேலை!

பெற்றோர்களே...

"பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்று சொல்லாதீர்கள். "எனக்கும் கணக்கு வராதுடா" என்றும் சொல்லாதீர்கள். "இதை எப்படிப் போட்டே? எனக்குச் சொல்லிக் குடு" என்று கேளுங்கள். உங்களுக்குச் சொல்லித் தரும்போது பிள்ளைக்கே விளங்கிவிடும்.

பரீட்சைக்கு முந்தைய நாள் ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

தங்கச்சி, உனக்கு ஒரு வார்த்தை. வினாத்தாளைப் பார்த்துக் கை நடுங்கினால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் மூச்சு விடு. 200 ரூபாய் நோட்டுக்கு மீதி கொடுத்தவள் நீதானே?

போடு கணக்கை!