ஜீப் அதிர்கிறதா? எதையும் மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

‘ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறோம். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அடிப்பலகையே அதிர்கிறது. டயர் மாற்றினோம். வீல் பேலன்ஸ் பார்த்தோம். அதிர்வு நிற்கவில்லை. அடுத்து எதை மாற்றுவது?’

மலைத்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் சுருக்கமானது: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். எந்த வேகத்தில், எந்த நிலையில் அதிர்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இது செலவு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்களை நினைத்துப் பாருங்கள். இறக்கத்தில் பின் ஷாஃப்ட் கழன்றுவிட்டால், கியரில் வண்டியைப் பிடித்து இறக்க முடியாது. சில பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் டிரம், டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால் இருக்கும். அதுவும் அந்த ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் போனால் ஹேண்ட் பிரேக்கும் போச்சு. அதிர்வு என்பது அதற்கு முன்கூட்டியே வரும் எச்சரிக்கை.

சக்கரமா, ஷாஃப்ட்டா?

சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் 4 முதல் 5 சுற்று சுற்றும். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 7, 8 சுற்றுதான். ஷாஃப்ட் 30 சுற்றுக்கும் மேல். அதனால், சக்கரக் கோளாறு என்றால் வண்டி ‘தடக், தடக்’ என்று எண்ணும்படி ஆடும். முன் சக்கரமாக இருந்தால் ஸ்டீயரிங்கில் தெரியும். ஷாஃப்ட் கோளாறு என்றால் ‘விர்ர்’ என்ற நடுக்கமாக சீட்டிலும் அடிப்பலகையிலும் ஏறும்.

முதல் வேலை, கழுவுவது

சேற்றில் போய்வந்த வண்டியின் ரிம் உட்புறத்தில் மண் காய்ந்து ஒட்டியிருந்தாலே வண்டி ஆடும். ஷாஃப்ட்டில் கயிறு, வைக்கோல், கம்பி சுற்றியிருந்தாலும் அப்படியே. நன்றாகக் கழுவிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பைசா செலவில்லாமல் தீர்ந்துபோன அதிர்வுகள் உண்டு.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், காலி வண்டியில் மட்டும் செய்யுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடவே கூடாது.

* வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். அப்போதும் அதிர்ந்தால் இன்ஜின், கிளட்ச், இன்ஜின் மவுன்டிங் பக்கம் பாருங்கள்.
* அதிரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். அதிர்வு தொடர்ந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரம்.
* மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் பட்டை ஸ்பிரிங், யூ போல்ட், ஷாஃப்ட்டின் சாய்வு ஆகியவற்றைப் பாருங்கள்.
* காலை எடுக்கும்போது மட்டும் இரைச்சலோடு அதிர்ந்தால், பின் ஹவுசிங்கில் பினியன் பேரிங் தேய்ந்திருக்கலாம்.
* மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல ‘கீச் கீச்’ என்றால், கிராஸில் கிரீஸ் வற்றிவிட்டது.

அடியில் பார்க்கும் சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பிறகு அடியில் போங்கள்.

ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் ஃபிளேஞ்சையும் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் மொத்தமாகக் கொஞ்சம் திரும்புவது கிரௌன் பல்லில் உள்ள இயல்பான இடைவெளி. ஆனால், கிராஸுக்குள் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸ் கப் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருப்பொடி தெரிந்தால், உள்ளே ஊசி பேரிங் காய்ந்து அரைபடுகிறது. அந்த கிராஸுக்கு கிரீஸ் அடித்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

நல்ல கிராஸ் என்றால், நான்கு கப்பின் ஓரத்திலும் புது கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மற்ற பக்கங்களுக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஷாஃப்ட் குழாயில் பாறை தட்டிய நசுங்கல் இருக்கிறதா, பேலன்ஸுக்காகப் பற்றவைத்த சிறு தகடு விழுந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழற்றும் முன் கோடு போடுங்கள்

‘கிராஸ் மாற்றிய பிறகுதான் அதிர்வே வந்தது’ என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இரண்டு கிராஸ் உள்ள சாதாரண ஷாஃப்ட்டில், இரு முனைக் கவைகளும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். நடுவில் நீண்டு சுருங்கும் பகுதியைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால், எல்லாம் புதுசாக இருந்தாலும் அதிரும். கழற்றும் முன்பே பெயின்ட்டால் நேர்கோடு போட்டுவிடுங்கள்.

பாரம் தாங்கக் கூடுதல் பட்டை சேர்த்த பிறகு அதிர்வு வந்தால், ஹவுசிங்கின் சாய்வு மாறியிருக்கும். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

தார் ரோட்டில் ஃபோர் வீல் வேண்டாம்

லீவர் போட்டு ஃபோர் வீல் மாற்றும் வண்டிகளில், வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால், ஸ்டீயரிங் இறுகி வண்டி இழுத்து இழுத்து ஓடும். இது நோயல்ல, லீவரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். முன்னே தேய்ந்த டயர், பின்னே புது டயர் என்று மாட்டினாலும் ஃபோர் வீலில் இதே இறுக்கம் வரும்.

ஆனால், கியர் போடும்போதெல்லாம் அடியில் ‘டொக்’ என்று அடித்து, அதிர்வும் நாளுக்கு நாள் கூடினால், அந்த வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள். முன்னங்கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால், வண்டியைத் தூக்கியே அடித்துவிடும். ஒரு கிராஸை மாற்றும் செலவு, ஒரு நாள் தோட்ட வேலை நிற்பதைவிடச் சிறியது.

வாசகர் கேள்வி

‘டிராக்டரில் ரோட்டவேட்டரைத் தூக்கும்போது மட்டும் ஷாஃப்ட் தடதடக்கிறது. பழுதா?’

பெரும்பாலும் பழுதல்ல. தூக்கும்போது பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் வளைவு அதிகமாகிறது. அந்தக் கோணத்தில் கிராஸ் சீராகச் சுற்ற முடியாது. வரப்பில் திருப்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். இறக்கிய நிலையிலும் தடதடத்தால் கிராஸையும், இரு முனைக் கவைகளின் வாட்டத்தையும் பாருங்கள். இன்ஜினை அணைக்காமல் ஷாஃப்ட் பக்கம் போகாதீர்கள். வேட்டி, துண்டு, சேலை நுனி எதுவானாலும் நொடியில் சுருட்டி இழுத்துவிடும்.